பூ முளைத்த துப்பாக்கி

அத்தியாயம் 7

"இது பெரியவரோட துப்பாக்கிதான். இந்தக் கையால எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கேன்."

"துடைச்சியா, துடைச்சு எடுத்துட்டுப் போனியா?"

"மிஸ்டர் டெல்பர்ட், வாய்க்கு வந்தபடி பேசாதீங்க," என்றாள் யோலாண்டா.

"பேசத்தான் செய்வேன். மாமனாரைப் பாத்துக்கன்னு வீட்டுக்குள்ள விட்டா, அலமாரியையும் சேத்துப் பாத்துக்கிட்டவதானே நீ."

பெல்ஹேவன் தீயணைப்புப் படை ஹாலில் நாற்பது மேஜை. நாற்பதிலும் பழைய ராணுவத் துப்பாக்கிகள். காலையிலிருந்து கையில் பூதக்கண்ணாடியோடு, இரும்பில் கடுகளவு பொறித்த முத்திரைகளைப் படித்துக்கொண்டிருந்த ஐம்பது அறுபது ஆண்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பெண்டாட்டி ஊர்வம்பு பேசுகிறாள் என்று வீட்டில் சலித்துக்கொள்கிறவர்கள்தான் அத்தனை பேரும்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால மீன் வறுவல் விருந்து இதே ஹாலில்தான் நடந்தது. பழைய எண்ணெய் வாடை சுவரை விட்டுப் போகவில்லை. அதோடு துப்பாக்கி எண்ணெயும் சேர்ந்து, யாரோ மீனைக் குழாய்க்குள் விட்டு வறுத்த மாதிரி ஒரு நாற்றம். யூஜின் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைச் சகித்துக்கொண்டிருந்தார். அவர் விற்பது பழைய திருகாணி, வார் கொக்கி, சுருள்வில். துப்பாக்கி விற்கிறவர்கள் அவரை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் எந்த முத்திரை எந்த நாட்டுடையது என்று சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

சண்டை நடந்தது பக்கத்து மேஜையில். அது டுவைட் கிரிம்ஸின் மேஜை. கிரிம்ஸ் எப்போதும் போர்வீரர் சங்கத் தொப்பி போட்டிருப்பார். அவர் எந்தப் போருக்கும் போனதில்லை. தொப்பி வேண்டுமானால் போயிருக்கலாம். சுற்று வட்டாரத்தில் எந்தப் பழைய சிப்பாய் படுக்கையில் விழுந்தாலும் நாலாவது நாள் டோனட் டப்பாவோடு போய் நிற்பார். கட்டிலோரம் உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வார். கண் மட்டும் அலமாரியை விட்டு நகராது.

யோலாண்டா இருபத்தாறு வயதுப் பெண். நோயாளிகளை வீட்டோடு இருந்து கவனிப்பது தொழில். வென்சல் டோமன் என்ற கிழவரை அவருடைய கடைசி ஐந்து வாரம் அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், திருப்பிப் படுக்க வைத்தாள். சவ அடக்கம் முடிந்து வந்து பார்த்தால், அவர் இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் துப்பாக்கியை அலமாரியில் காணோம். மகள் லொரேன் புகார் எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. திருடி என்று ஒரு வரி எழுதிவிட்டால் யோலாண்டாவின் சான்றிதழ் போய்விடும், அப்புறம் எந்த வீட்டிலும் அவளை ஒரு தெர்மாமீட்டரைக்கூடத் தொட விடமாட்டார்கள். இதில் இன்னொரு சிக்கல், லொரேனின் மகன் கீத்துக்கு அந்தப் பெண் மேல் உயிர். ஊரில் லொரேனுக்குத்தான் இது கடைசியாகத் தெரிந்தது.

இன்று காலை கிரிம்ஸின் மேஜையில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்த யோலாண்டா, ஓடிப்போய் லொரேனையே கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். கூடவே லொரேனின் புருஷன் டெல்பர்ட்டும் வந்தார். அவர் கூப்பிடாமல் வந்தவர்.

"எப்படிம்மா சொல்றே இது அதுதான்னு?" என்றார் கிரிம்ஸ். குரலில் தேன்.

"இதோ, பின்கட்டையில ஒட்டுப்போட்ட கோடு. எத்தனை தடவை இதைத் தடவியிருக்கேன்."

கிரிம்ஸ் சிரித்தார். அக்கம்பக்கத்து மேஜைக்காரர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். "ஜப்பான்காரன் துப்பாக்கி எல்லாத்துலயும் கட்டை ரெண்டு துண்டு ஒட்டினதுதான். இந்த ஹால்லயே ஒன்பது இருக்கு. ஒன்பதும் கிழவரோடதா?"

யோலாண்டாவின் முகம் சிவந்தது. அப்போதும் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஆனா அலமாரியில இருந்தப்போ இந்தக் கைப்பிடி இல்ல. இந்த இடத்துல வெறும் ஓட்டைதான் இருந்துச்சு."

டெல்பர்ட் கைதட்டினார். "கேட்டீங்களா எல்லாரும்? அவ வாயாலயே வேறன்னு சொல்லிட்டா. அதுவுமில்லாம எங்க மாமனாரோடதுல பூவைச் சுரண்டியிருக்கும். இதுல முழுப் பூ இருக்கு. லொரேன், சொல்லேன்."

"சுரண்டித்தான் இருக்கும்," என்றாள் லொரேன், கைக்குட்டைக்குள். "அந்த இடம் மொழுமொழுன்னு இருக்கும். சின்ன வயசுல விரல் வச்சுப் பாப்பேன்."

"அப்புறம் என்ன? வா போகலாம். நான் படகை ஆத்துக்குக் கொண்டுபோகணும்."

காணாமல் போன பொருள் கிடைக்கவில்லை என்பதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று யூஜினுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்வதற்குள் பக்கத்தில் ஒரு மழைக்கோட்டு உரசியது.

பெர்னடெட் வந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில், தன் வீட்டைத் தானே கொளுத்தியவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். வேலை ஓய்ந்தது, மூக்கு ஓயவில்லை. யூஜின் அவளுடைய காலஞ்சென்ற தங்கையின் புருஷன். தங்கை போனபின், திட்டுவதற்கு வேறு ஆளில்லாமல் இவள் அவரைக் கூடவே இழுத்துக்கொண்டு திரிந்தாள். கீத் நேற்றுத்தான் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போயிருந்தான்.

"பூன்னா என்ன பூ, யூஜின்?"

"சாமந்தி. பதினாறு இதழ். அவங்க சக்கரவர்த்தியோட முத்திரை. குழாய் உடம்போட சேர்ற இடத்துல, மேல பாரு. சண்டையில பிடுங்கினதா இருந்தா பூ முழுசா இருக்கும். சரணடைஞ்சு ஒப்படைச்சதா இருந்தா, சக்கரவர்த்தி சொத்து எதிரி கைக்குப் போகக்கூடாதுன்னு பூவை அரத்தால அராவிட்டுத்தான் கொடுத்தாங்க. முழுப் பூன்னா விலை நாலு மடங்கு."

"அராவின இடத்துல மறுபடியும் முளைக்குமா?"

"தாடியா, முளைக்க? ஆனா கிரிம்ஸ் கை ராசியான கை. அவர் தொட்டா இரும்பும் பூக்கும்."

கிரிம்ஸின் தேன் கொஞ்சம் கெட்டியானது. "வார்த்தையை அளந்து பேசு, திருகாணிக்காரா. காகிதம் இருக்கு எங்கிட்ட. டென்னசியில ஒரு வீரரோட குடும்பத்துக்கிட்ட வாங்கினது. ஒகினாவா தீவுச் சண்டையில பிடுங்கினதுன்னு அதிகாரி கையெழுத்தே இருக்கு."

பழுப்பேறிய காகிதம் ஒன்றை நீட்டினார். பெர்னடெட் அதைப் படிக்கவில்லை. மோந்து பார்த்து யூஜினிடம் கொடுத்தாள். அவரும் மோந்தார்.

"நாற்பத்தஞ்சாம் வருஷத்துக் காகிதம்," என்றார் யூஜின். "நேத்துக் காலையில காபி குடிச்சிருக்கு. சர்க்கரை போடல."

பெர்னடெட் அடுத்து விலை அட்டையை எடுத்தாள். எழுநூறு டாலர் என்று எழுதியிருந்த அந்த அட்டையின் விளிம்பைப் பூவின் மேல் நேராக நிறுத்தி, ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தாள். அட்டைக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தது. சுற்றிலும் மேடு, பூ இருக்குமிடம் மட்டும் பள்ளம். அராவிப் பள்ளமான இடத்தில் புதிதாகச் செதுக்கிய பூ. யூஜின் கட்டைவிரலால் தடவினார். இதழ்களின் ஓரம் தோலைக் கீறியது. ஐம்பது வருஷம் பல கை பட்ட பூ அப்படிக் கீறாது. குப்பைத் தொட்டிக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தேய்மானம்," என்றார் கிரிம்ஸ். "வயசானா உங்களுக்கும் பள்ளம் விழும்."

"விழுந்திருக்கு," என்றாள் பெர்னடெட். "கைப்பிடியோட உள்ள போயிட்டு வெளிய வருதே, அந்த இரும்புத்தண்டு, அதுலயும் எண் இருக்குமா?"

"போல்ட். இருக்கும்," என்று யூஜின் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உடம்புல கடைசி மூணு எண் நானூத்திப் பதினேழு. போல்ட்டுல எண்ணூத்தி அறுபத்திரண்டு. மாப்பிள்ளை ஒரு வீடு, பொண்ணு ஒரு வீடு. சண்டையில பிடுங்கினா அவனோட போல்ட் அதுலேயேதானே இருக்கும்? சரணடைஞ்ச இடத்துலதான் போல்ட்டை எல்லாம் கழட்டித் தனியாக் குவிச்சாங்க. நம்ம பசங்க ஆளுக்கு ஒரு துப்பாக்கி, குவியல்லேர்ந்து ஏதோ ஒரு போல்ட்னு அள்ளிட்டு வந்தாங்க. பூ ஒகினாவாங்குது, போல்ட் இல்லவே இல்லைங்குது."

"போல்ட் உடைஞ்சா மாத்த மாட்டாங்களா?" கிரிம்ஸ் தொப்பியைச் சரிசெய்தார். "போலிப் பூன்னே வச்சுக்குங்க. அது எனக்கும் வாங்கறவனுக்கும் உள்ள விஷயம். இவங்க அப்பாவோடதுன்னு ஆச்சா? எண் எழுதி வச்சிருக்காங்களா?"

லொரேன் இல்லையென்று தலையாட்டினாள். பேரப்பிள்ளையின் பால் பல்லைக்கூடத் தேதி போட்டு வைத்திருந்தவர் அவள் அப்பா. துப்பாக்கி எண்ணை மட்டும் எழுதவில்லை.

"மூணு மணிக்கு மேஜையைக் கட்டிருவேன். சாயங்காலம் பாலத்தைத் தாண்டி அடுத்த மாநிலம், நாளைக்குக் கென்டக்கி. ஆதாரத்தோட வாங்க, பேசலாம். டோனட் எடுத்துக்குங்க."

யாரும் எடுக்கவில்லை.

*

வண்டி நிறுத்துமிடத்தில் டெல்பர்ட்டின் டிரக் பின்னால் படகு பூட்டி நின்றது. படகில் புத்தம்புதுப் பெட்டி ஒன்று, தண்ணீருக்கடியில் மீன் எங்கே போகிறது என்று காட்டுமாம். பெல்ஹேவன் முழுக்க அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியாயிற்று.

"மாமனார் செத்துப் பதினாறு நாள் ஆகலை," என்றார் யூஜின். "மீனுக்குத்தான் துக்கம் விசாரிக்கப் போறான் போலிருக்கு."

பெர்னடெட் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பிய லொரேனின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "லொரேன், உங்க அப்பா கூட அந்தப் போர்ல இருந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஆர்வில் ஸ்டாம் இருக்கார். சேலம் கிராஸிங்ல பண்ணை. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல திரும்பி வந்தவங்க."

"சிநேகமா?"

"சிநேகமாவது. ஒவ்வொரு தவக்காலமும் இதே மீன் வறுவல்ல ரெண்டும் அடிச்சுக்கும். 'என்னோடதை எப்போடா தருவே, திருடா'ம்பார் அப்பா. 'நீ என்னோடதைக் கொண்டா, நான் உன்னோடதைத் தரேன்'ம்பார் அவர். 'சரி, அடுத்த வருஷம்'னு ரெண்டும் பியர் குடிக்கும். ஏதோ புல்வெட்டி மெஷின் பாகம்னு நினைச்சுக்கிட்டேன்."

பெர்னடெட் கதவை விட்டுவிட்டாள். "யூஜின், வண்டியை எடு."

"எனக்கு மேஜையில வியாபாரம் இருக்கு."

"இருபது வருஷமா அதே திருகாணிதானே? இன்னும் ஒரு மணிநேரத்துல துருப்பிடிச்சிராது."

*

ஆர்வில் ஸ்டாமுக்கு எழுபத்துநாலு வயது, ஒரு காது கேட்காது. சொன்னதைக் கேட்டுவிட்டுக் கார் ஷெட்டுக்கு நடந்தார். இறைச்சிக் குளிர்பெட்டிக்கு மேல் சுவரில் ஒரு ஜப்பான் துப்பாக்கி. பூ இருந்த இடம் மொழுமொழுவென்று மின்னியது. இதுதான் நேர்மையான வழுக்கை என்று யூஜின் நினைத்துக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"உடம்பு எண்ணூத்தி அறுபத்திரண்டு. போல்ட் நானூத்திப் பதினேழு." சுவரை விட்டுத் திரும்பினார். "பெர்னி, அங்க இருக்கற பொண்ணோட புருஷன் இங்க இருக்கான். இங்க இருக்கறவளோட புருஷன் அங்க இருக்கான்."

ஆர்வில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். "ஜப்பான்ல சசேபோ துறைமுகக் கிடங்கு. போல்ட்டு மலைமாதிரிக் குவிஞ்சிருந்துச்சு. மத்தவனெல்லாம் கைக்கு வந்ததை எடுத்தான். நான் பண்ணையில வளந்தவன், பொருந்தாத சாமான் எனக்கு ஆகாது. ஒரு முழுநாள் உக்காந்து தேடி எங்க ரெண்டு பேரோடதுக்கும் சரியான போல்ட்டையே எடுத்தேன். அப்புறம் கப்பல்ல ஒரே கம்பளியில ரெண்டையும் பிரிச்சுப் போட்டு எண்ணெய் விட்டோம். அப்போ வென்சலுக்கு வாந்தி. எனக்கும் வாந்தி. எது எதுல போச்சுன்னு யார் பாத்தா? வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு."

"நாற்பத்தஞ்சு வருஷமா மாத்திக்கவே இல்லையா?" என்றார் யூஜின்.

"மாத்திட்டா அப்புறம் அவனை எதுக்குப் போய்ப் பாக்கறது?" என்றார் ஆர்வில், இது கூடத் தெரியாதா என்பதுபோல.

யூஜின் இரண்டு துப்பாக்கி எண்ணையும் சிகரெட் அட்டையில் எழுதி, ஆர்விலிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். "முடிஞ்சது. வென்சல் துப்பாக்கிதான்னு இனிமே எமனே வந்தாலும் மாத்த முடியாது. வா, போய்க் கிரிம்ஸ் மூஞ்சியில அடிக்கலாம்."

பெர்னடெட் நகரவில்லை. "அடிச்சு? அது வென்சல் வீட்டுலேர்ந்து போனதுன்னு நிரூபிச்சாச்சு. அந்த வீட்டுல யார் இருந்தா? யோலாண்டா. நம்ம கையாலயே அவ கழுத்துக் கயித்தை இன்னும் ஒரு சுத்து இறுக்கியிருக்கோம், யூஜின்."

யூஜினின் சந்தோஷம் அங்கேயே செத்தது.

"அந்தப் பொண்ணு ஒண்ணு சொன்னாளே," என்றாள் பெர்னடெட் மெதுவாக. "கைப்பிடி இல்ல, வெறும் ஓட்டைன்னு. தனக்கே பாதகமா இருக்கும்னு தெரியாம உண்மையைச் சொன்னா. மிஸ்டர் ஸ்டாம், வென்சல் அந்த போல்ட்டை எங்க வச்சிருந்தார்?"

"பேரன் பொறந்ததும் கழட்டிட்டான். துப்பாக்கி ஒரு இடம், அதோட புத்தி வேற இடம் இருக்கணும்பான். கிறிஸ்துமஸ் குடில் பொட்டி இருக்குல்ல, பரண்ல? அதுல மாட்டுக்கொட்டாய்க்குக் கீழே, ஒரு கம்பளிக் காலுறைக்குள்ள. வருஷத்துக்கு ஒருதரம் சூசையப்பரை எடுக்கறப்போ அதையும் எடுத்து எண்ணெய் போட்டு வச்சிருவாங்க."

"யோலாண்டா எப்போ வேலைக்கு வந்தா?"

"பிப்ரவரி," என்றார் யூஜின். "குடில் பரணுக்குப் போனப்புறம். அலமாரியில இருந்தது அவளுக்குத் தெரியும். புத்தி எங்க இருந்ததுன்னு தெரியாது. தெரிஞ்சவங்க அந்தக் குடும்பத்துல மூணே பேர். லொரேன், டெல்பர்ட்..." நிறுத்தினார். "கீத்."

"வண்டியை எடு," என்றாள் பெர்னடெட், இந்தத் தடவை மெல்ல.

*

லொரேனின் சமையலறை மேஜையில் குடில் பெட்டியை இறக்கினார்கள். மணி இரண்டே கால். பழைய செய்தித்தாளில் சுற்றிய மூன்று ராஜாக்கள், ஒரு காது உடைந்த கழுதை, பஞ்சில் குழந்தை. கொட்டகையைத் தூக்கினால் கீழே சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, உள்ளே கனமாக ஏதோ.

"இதோ இருக்கே," என்றாள் லொரேன். "போல்ட் இங்கேயேதான் இருக்கு. அப்போ அது எங்க துப்பாக்கி இல்ல." அவள் முகத்தில் ஒரு கணம் நிம்மதி.

"பிரிச்சுப் பாரு," என்றாள் பெர்னடெட்.

காலுறையை உதறினாள். முக்கால் அடி நீளச் செம்புக் குழாய் ஒன்று மேஜையில் விழுந்து உருண்டது. கனம் சரியாக வரவேண்டும் என்று ஒரு முனையில் பித்தளை மூடி வேறு வைத்துப் பற்றவைத்திருந்தது. பற்றவைப்பு வழவழவென்று, இரண்டு வரியாக, நகை வேலை மாதிரி. பெல்ஹேவனில் பாதி வீட்டுக் குளியலறையில் அந்த இரட்டை வரி இருக்கிறது. யூஜின் வீட்டுக் கழிப்பறையிலும் இருக்கிறது. குழாய் ரிப்பேருக்கு டெல்பர்ட்டை விட்டால் இந்த ஊரில் ஆளில்லை. கீத் பால் பண்ணையில் கணக்கெழுதுகிறவன், அவனுக்குப் பற்றவைக்கத் தெரியாது.

யூஜின் பெருமூச்சு விட்டார். கீத் இல்லை என்ற நிம்மதி பாதி, அருவருப்பு பாதி. திருடுகிறவன் திருடிவிட்டுப் போகவேண்டியதுதானே. குழந்தை ஏசுவுக்கு அடியில் உட்கார்ந்து, கனத்தைச் சரிபார்த்து, ஒழுகாதபடி பற்றவைத்து வைத்திருக்கிறான். அடுத்த கிறிஸ்துமஸ் வரை யாரும் சந்தேகப்படக் கூடாதாம். அதற்குள் அந்தப் பெண் எந்த ஊரில் தரை துடைத்துக்கொண்டிருந்தால் இவனுக்கென்ன.

லொரேன் வெகுநேரம் அந்த இரட்டை வரியையே பார்த்தாள். அழவில்லை. குழாயைக் காலுறைக்குள் திரும்பப் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"அவர் இன்னும் ஹால்லயா இருக்கார்?"

"அங்கதான். வர்ற வழியில பாத்தேன், படகோட டிரக் அங்கேயே நிக்குது. யோலாண்டா ஓடிரக் கூடாதுன்னு காவல் போலிருக்கு," என்றார் யூஜின்.

*

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம். கிரிம்ஸ் துப்பாக்கிகளைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டிருந்தார். டெல்பர்ட் மேஜை ஓரமாக நின்று டோனட் தின்றுகொண்டிருந்தார். உதட்டில் சர்க்கரைத் தூள். யோலாண்டா எதிரே சுவரோரம் நாற்காலியில் மணிபர்ஸை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஏற்கெனவே விசாரணையில் இருக்கிறவளைப் போல.

லொரேன் காலுறையை மேஜையின் நடுவே வைத்தாள்.

டெல்பர்ட் மெல்லுவதை நிறுத்தினார். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"மிஸ்டர் கிரிம்ஸ்," என்றாள் பெர்னடெட், "இந்தத் துப்பாக்கியோட போல்ட்டுக்குச் சொந்தமான துப்பாக்கி சேலம் கிராஸிங்ல இருக்கு. அதோட போல்ட் இதோடது. ரெண்டு எண்ணும் எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு. வாசல்ல நிக்கற போலீஸ்காரரைக் கூப்பிடறதா, இல்ல நீங்களே பேசறீங்களா? திருட்டுப் பொருளோட பாலத்தைத் தாண்டி அடுத்த மாநிலம் போயிட்டீங்கன்னா இது வேற மாதிரி வழக்கு."

கிரிம்ஸ் யோசித்ததாகவே தெரியவில்லை. யோசிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். சட்டைப் பையிலிருந்து மடித்த ரசீதை எடுத்து லொரேனிடமே நீட்டினார், கடையில் மிச்சச் சில்லறை கொடுப்பது போல.

"நான் நாணயமான வியாபாரி, அம்மா. எதையும் ரசீது இல்லாம வாங்க மாட்டேன். உங்க வீட்டுக்காரர்தான், எண்பத்தஞ்சு டாலருக்கு, அவர் கையெழுத்து. போல்ட்டோட சேத்துன்னா அதிகம் தரேன்னேன், மறுநாள் போல்ட்டையும் கொண்டுவந்தார்."

"பூ?" என்றார் யூஜின்.

"கொஞ்சம் அழகுபடுத்தினேன். பொண்ணுங்க உதட்டுக்குச் சாயம் போடறதில்லையா?"

லொரேன் தேதியைப் படித்தாள். "மார்ச் ஒன்பது." மறுபடி படித்தாள். "அப்பா செத்தது பதினொண்ணு."

ஹாலில் பூதக்கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன.

"அவர்தான் இனிமே அதைச் சுடப் போறாரா?" என்றார் டெல்பர்ட் ஒருவழியாக. "எண்பத்தஞ்சு டாலர், லொரேன். ஒரு பழைய இரும்பு. நீ புகார் எழுதுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுதினப்புறம் நான் என்னன்னு சொல்றது?"

"மூக்குல ஆக்சிஜன் குழாயோட அடுத்த ரூம்ல கிடந்தார்," என்றாள் லொரேன். அவள் கத்தியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். "'யாரோ வந்திருக்காப்ல இருக்கே, லொரேன்'னு கேட்டார். நான் உன்னைக் கேட்டேன். நீ, 'டோனட்டு கொண்டாந்திருக்காங்க'ன்னே. அப்பாவுக்கு அன்னிக்கு முழுங்க முடியல. அந்த டோனட்டை நான் தின்னேன்."

டெல்பர்ட் கையில் பாதி டோனட் இன்னும் இருந்தது. யூஜின் வேறு பக்கம் பார்த்தார். முப்பது வருஷமாகத் தன் கழிப்பறைக் குழாயைப் பற்றவைத்த மனிதர். வீட்டுக்குப் போனதும் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கையை வென்னீரில் கழுவவேண்டும் போலிருந்தது.

லொரேன் யோலாண்டாவின் பக்கம் திரும்பினாள். "நான் உன்னை..." என்று ஆரம்பித்தாள்.

"இங்க வேணாம், மேடம்," என்றாள் யோலாண்டா. எழுந்து நின்றுவிட்டாள். "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வாங்க. அங்க சொல்லுங்க, அவங்க எழுதிக்கட்டும். என்னைத் திருடின்னும் எழுத்துலதானே சொன்னீங்க."

*

திங்கட்கிழமை லொரேன் எட்டரைக்கே போய் வாசலில் நின்றாளாம். குழாயையும் காலுறையையும் கொண்டுபோனாளாம். விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. யோலாண்டாவின் சான்றிதழ் இன்றைக்கும் அவள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. அந்தச் சுவர் பெல்ஹேவனில் இல்லை, ஈரி ஏரிக்கரையில். அக்டோபரில் கீத்தைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போய்விட்டாள். மாமியாருக்குப் பத்திரிகை போயிற்று, கையால் எழுதிய ஒரு வரி இல்லாமல். லொரேன் போனாள், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள், கேக்கில் ஒரு துண்டு தின்றாள். மூன்றாவது கிறிஸ்துமஸில்தான் தொலைபேசி வர ஆரம்பித்தது என்று கேள்வி.

டெல்பர்ட் பாலத்துக்கு அந்தப்புறம் வீலிங்கில் அக்காள் வீட்டு நிலவறைக்குப் போய்விட்டார். படகும் போயிற்று, மீன் காட்டும் பெட்டியும் போயிற்று. மீன் கிடைத்ததாக இதுவரை தகவலில்லை. யூஜின் தன் கழிப்பறைக் குழாயை மாற்றிவிட்டார். புதுக் குழாய் ஒழுகுகிறது. ஒழுகட்டும் என்கிறார். கிரிம்ஸை இந்த ஹாலுக்குள் விடுவதில்லை. கென்டக்கிப் பக்கம் அதே தொப்பியோடு இருக்கிறார், இப்போது வாள் விற்கிறார், எல்லா வாளிலும் பூ முழுசாக இருக்கிறதாம்.

கல்யாணத்தன்று ஆர்வில் ஸ்டாம் கோட்டுப் பையில் கைக்குட்டையில் சுற்றி நானூத்திப் பதினேழைக் கொண்டுவந்திருந்தார். வென்சல்தான் போய்ச் சேர்ந்துவிட்டானே, இனி எதற்கு வைத்திருப்பது, மாற்றிவிடலாம் என்றார். கீத் கார்ப் பின்பெட்டியைத் திறந்து, திரும்பக் கிடைத்த தாத்தாவின் துப்பாக்கியைக் காட்டினான். ஆர்வில் குனிந்து, அந்தப் புதுப் பூவின் மேல் கட்டைவிரலை வைத்தார். உடனே எடுத்து, கல்யாணத்துக்கென்று இஸ்திரி போட்ட கால்சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

"இதை அராவிடச் சொல்லு," என்றார் கீத்திடம். "வென்சல் பாத்தா வாந்தி எடுப்பான்."

"அராவிடறோம்," என்றாள் யோலாண்டா. வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பின்பெட்டியை மூடினாள். "ஆனா போல்ட்டை மாத்த வேணாம், மிஸ்டர் ஸ்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆர்வில் கேட்காத காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பியர் இருக்கும் பக்கம் நடந்தார்.